கறுத்த ஏழாம் படி

— எட்டாவது படியில சிப்பி இருக்கணுமே அண்ணி. எங்க போச்சு?

— வந்ததும் வராததுமா எண்ண ஆரம்பிச்சாச்சா? முதல்ல செருப்பைக் கழட்டு. நேத்துதான் பாலிஷ் போட்டேன்.

— கழட்டிட்டேன். இருங்க, ஒரு நிமிஷம். அஞ்சு, ஆறு, ஏழு. ஏழு கறுப்பு. அது சரி. எட்டு மொட்டையா இருக்கு.

— மொட்டை இல்லம்மா, வழவழப்பு. இந்தப் பதிமூணு படியில எனக்குப் பிடிச்ச கல்லே அதான். ஒரு புள்ளி கிடையாது, ஒரு ஓட்டை கிடையாது. குனிஞ்சு மூஞ்சி பாத்துத் தலை வாரிக்கலாம்.

— ஆறாவது படியில சிப்பி கொட்டிக் கிடக்கு.

— ஆமா. அழகா இல்ல?

— மாறி இருக்கு அண்ணி. ஆறு மொட்டையா இருக்கணும், எட்டுல சிப்பி இருக்கணும். நீங்க ஒண்ணாம் நம்பர் கல்லை எங்க போட்டீங்க?

— ஒண்ணாவது படியில. வேற எங்க போடுவாங்க? பதிமூணாவதுலயா?

— ஆமா.

— என்ன ஆமா?

— பதிமூணாவதுலதான் போட்டிருக்கணும். ஐயோ. மொத்தப் படிக்கட்டும் தலைகீழா இருக்கு.

— தலைகீழா இருந்தா நீ இப்ப கூரையில நின்னுட்டு இருப்ப. உக்காரு. மூச்சு விடு. இந்தா, உங்கண்ணன் போட்ட டீ. ஃப்ளாஸ்க்ல இருந்து ஊத்தும்போதே ஆறிடும், அப்படி ஒரு டீ. குடி.

— டீ வேண்டாம். எங்க சாயங்கால வகுப்பு வாத்தியார் இன்னும் அரை மணி நேரத்துல வந்துடுவார்.

— வரட்டுமே. நாளைக்குப் பள்ளிக்கூடத் திறப்பு விழா. வேலை முடிஞ்சு போச்சு. கலவை இறுகி நாலு நாளாச்சு. அவர் வந்து நாலு தடவை ஏறி இறங்கட்டும், எந்தக் கல்லாவது ஆடுதான்னு பாக்கட்டும். என் படி ஆடாது.

— ஆடாது அண்ணி, அது தெரியும். ஆனா இது வெறும் படி இல்லையே. இது கடல்.

— ஆரம்பிச்சுட்டா.

— நான் வரிசையா சொல்றேன், கேளுங்க. முதல்ல, இந்தக் கல்லு எல்லாம் ஒரு காலத்துல கடலடிச் சேறு. நம்ம குவாரி மலை இருக்கே, அதுவே கடலுக்கு அடியில இருந்தது. சேறு கொஞ்சம் கொஞ்சமா மேல மேல படிஞ்சு கல்லாச்சு. அதனால அடியில இருக்கறது பழசு. மேல இருக்கறது புதுசு.

— துணி துவைக்கற கூடை மாதிரி. திங்கக்கிழமை சட்டை அடியில, சனிக்கிழமை சட்டை மேல. இது தெரியாமயா உங்க வீட்டுல ஒன்பது வருஷமா துவைக்கறேன்?

— துவைக்கறது அண்ணன்.

— துவைக்கச் சொல்றது நான். மேல சொல்லு.

— ரெண்டாவது. குவாரியில மேல இருந்துதான வெட்டிக்கிட்டே கீழ போவாங்க? முதல்ல எடுத்த கல்லுக்கு ஒண்ணுன்னு பெயின்ட்ல எழுதுவாங்க. கடைசியா ஆழத்துல எடுத்ததுக்குப் பதிமூணு. அப்ப ஒண்ணுதான் புதுசு, பதிமூணுதான் ரொம்பப் பழசு. வாத்தியார் ஆசைப்பட்டது என்னன்னா, பசங்க கீழ்ப்படியில காலை வெச்சா பழைய கடல். ஒவ்வொரு படியா ஏற ஏற நம்ம காலத்துக்கு வரணும். நீங்க ஒண்ணைக் கீழ போட்டுட்டீங்க. இப்ப பசங்க ஏற ஏற பின்னாடி போவாங்க.

— போனா என்ன? பசங்களுக்கு அதுவும் ஒரு ஜாலி.

— அண்ணி!

— சரி சரி, கோவிச்சுக்காத. ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் என் இஷ்டத்துக்கா போட்டேன்? நீதான சீட்டு எழுதிக் குடுத்த? இரு, பையிலதான் வெச்சிருக்கேன். கரணைக்கு அடியில. இதோ. படி பாக்கலாம்.

— படிக்கறேன். "கல் பலகைகளை எண் வரிசைப்படி, ஒன்றில் தொடங்கி, ஒன்றுகூட மாறாமல் பதிக்கவும்." அடியில ரெண்டு கோடு வேற.

— யார் கையெழுத்து?

— என் கையெழுத்து.

— எத்தனை தடவை சரிபாத்த?

— நாலு தடவை. எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்தேன்.

— அட என் தங்கமே! சிரிக்கறேன்னு நினைச்சுக்காத. சிரிக்கத்தான் செய்யறேன்.

— நாள் பூரா கிளினிக்ல டோக்கன் கூப்பிடறேன் அண்ணி. ஒண்ணாம் நம்பர் வாங்க, ரெண்டாம் நம்பர் வாங்க. எட்டு மணி நேரம் அதே. சீட்டு எழுதும்போதும் கை அப்படியே ஒண்ணுல இருந்து கூப்பிட்டுடுச்சு. கல்லு ஒண்ணும் காய்ச்சலோட வரலையேன்னு எனக்குத் தோணவே இல்ல.

— சரி, நடந்தது நடந்து போச்சு. இப்ப இதனால உனக்கு என்ன நஷ்டம்? உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— இன்னைக்கு அவர் கடிதம் கொண்டு வரார்.

— எந்தக் கடிதம்?

— கடல் மண்ணு பாக்கற ஆய்வுக்கூடத்துல ஒரு இடம் காலியா இருக்கு. பகல் வேலை. சேறு வந்தா அலசி, சல்லடையில போட்டு, பூதக்கண்ணாடியில பாத்து எண்ணணும். நாள் பூரா எண்ணலாம் அண்ணி! சாயங்கால வகுப்புல இருந்து ஒருத்தரைத்தான் அவர் சிபாரிசு பண்ணலாம். படிக்கட்டைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கார். "கவனமா வேலை செய்வாங்க"ன்னு எழுதப் போறாராம். கவனமா!

— ஓஹோ. அதான் விஷயமா?

— அதான் விஷயம். இது போச்சுன்னா மறுபடி டோக்கன்தான்.

— உன் பேரே "மறுபடி"தான. உங்கண்ணனைக் கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு, என் பெட்டியில எத்தனை உளி இருக்குன்னு மறுபடி மறுபடி எண்ணினவ நீ.

— பதினேழு இருந்தது. நீங்க பதினாறுன்னு சொன்னீங்க.

— நீதான் சரி, ஒத்துக்கறேன். இப்ப கேளு. கல்லைப் பேத்து எடுக்கறதுன்னா உடையும். வேற கல்லும் கிடையாது, அந்தக் குழியில இப்ப ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணி. அதனால நான் சொல்றதைக் கேளு. தப்பு என்னோடதுன்னு சொல்லிக்கறேன். மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியலைன்னு சொல்லிடலாம்.

— உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு அவருக்குத் தெரியும். போன மாசம் அவர் பில்லுல எழுத்துப்பிழை காட்டினீங்க.

— அட, ஆமால்ல. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். சரி, இன்னொண்ணு பண்ணலாம். மேல ஒரு போர்டு வைக்கலாம். "மாடியில இருந்து இறங்கிப் பாக்கவும்."

— மாடிக்கு ஏறினாத்தான இறங்க முடியும்?

— ஏறும்போது கண்ணை மூடிக்கச் சொல்லலாம்.

— அண்ணி, சிரிப்பு வருது, சிரிக்க வைக்காதீங்க. நானே சொல்லிடறேன். ஒளிச்சு வெச்சா ராத்திரி தூக்கம் வராது. முதல்ல என் தப்புன்னு சொல்லுவேன். அப்புறம் சீட்டைக் காட்டுவேன். அப்புறம் வீட்டுக்குப் போயிடுவேன்.

— தனியா எங்க போற? நானும் வரேன். இந்தா, டீயாவது குடி. இப்படி மூணாவது படியில உக்காரு, ஈரம் இல்ல. ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. சிப்பி இல்லாத இந்தக் கறுப்புக் கல்லு மட்டும் ரெண்டு வழியிலயும் ஏழாவதாத்தான வருது?

— பதிமூணுக்கு நடு ஏழுதான. கீழ இருந்து எண்ணினாலும் ஏழு, மேல இருந்து எண்ணினாலும் ஏழு. அதனாலதான் இத்தனை நாளா யாருக்கும் சந்தேகம் வரலை. வாசல்ல நின்னு பாத்தா கறுப்பு நடுவுல ஜம்முனு இருக்கு.

— அது ஏன் அப்படிக் கறுத்துப் போச்சு?

— அண்ணன் மீன் தொட்டி வெச்சிருந்தாரே, ஞாபகம் இருக்கா? நாம ஊருக்குப் போயிருந்தப்ப மோட்டார் நின்னு போச்சே.

— மறக்க முடியுமா? கதவைத் திறந்ததும் நாத்தம் குடலைப் பிடுங்கிச்சு. மீனெல்லாம் மிதந்துச்சு. அடியில கரேல்னு ஒரு சேறு. உங்கண்ணன் ரெண்டு நாள் சாப்பிடலை. அந்த ரெண்டு நாளும் சமைக்கவும் இல்ல, அதான் எனக்கு மறக்கலை.

— அதேதான் கடல்லயும் நடந்தது. எரிமலை எல்லாம் வரிசையா வெடிச்சு பூமி சூடாகி, கடலும் சூடாச்சு. சூட்டுத் தண்ணியில காத்து தங்காது. மேல் தண்ணி கீழ போறதும் கீழ் தண்ணி மேல வர்றதும் நின்னு போச்சு. மோட்டார் நின்ன மாதிரி. கீழ இருந்ததெல்லாம் மூச்சு முட்டிச் செத்துது. மக்கக்கூட வழியில்லாம கறுப்புச் சேறாப் படிஞ்சுது. அந்தச் சேறுதான் இந்தக் கல்லு.

— அடப்பாவமே. இவ்வளவு பெரிய கடலுக்கா? நான் இதுமேல நின்னுதான் தினமும் சாப்பிட்டேன்.

— உலகம் பூரா கடல்ல. அந்தக் காலத்துச் சிப்பி வகையில முக்காவாசி அதோட சரி.

— அப்ப மிச்சம் கால்வாசி எங்க?

— அதைத்தான் எண்ணினேன் அண்ணி. அதுலதான் எனக்கு முதல்ல இருந்தே சந்தேகம். கல்லு குவாரியில இருக்கும்போதே ஒவ்வொண்ணா எண்ணி நோட்டுல எழுதினேன். ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் முப்பது வகைக்குப் பக்கத்துல. முப்பத்தொண்ணு, முப்பது, முப்பத்தொண்ணு, இருபத்தொன்பது, முப்பது, இருபத்தொன்பது. ஏழு கறுப்பு, ஒண்ணுமில்ல. எட்டு சைபர். ஒன்பது சைபர். பத்துல ஒரே ஒரு வகை, கடுகு சைஸ். பதினொண்ணுல ரெண்டு. பன்னெண்டுல நாலு. பதிமூணுல ஒன்பது.

— சரி. இதுல என்ன சந்தேகம்?

— பதிமூணுதான பழசு? அப்ப கதையைப் பழசுல இருந்து சொல்லிப் பாருங்க. ஒன்பது வகை இருந்தது, நாலாச்சு, ரெண்டாச்சு, ஒண்ணாச்சு, ஒண்ணுமே இல்லாம போச்சு. அதுக்கப்புறம் கடல் மூச்சு முட்டுது. அதாவது எல்லாரும் செத்த பிறகுதான் சாவு வருது. அது முடிஞ்ச உடனே, அடுத்த கல்லுலயே, குட்டி கூட இல்ல, கட்டைவிரல் நகம் சைஸ்ல இருபத்தொன்பது வகை வந்து உக்காந்துருக்கு. எங்க இருந்து குதிச்சுது?

— கல்யாண வீட்டுல பந்தி போட்ட மாதிரி. இலை போடறதுக்கு முன்னாடி கூட்டம்.

— வாத்தியார் சொல்றார், வேற கடல்ல இருந்து மொத்தமா குடி வந்துச்சுன்னு. அவர் வரைஞ்சு சுவத்துல மாட்டியிருக்கற படத்துலயும் அப்படித்தான் இருக்கு. எனக்கு மனசு ஒப்பலை. கேள்வியா எழுதிக் குடுத்தேன். அவர் சிவப்பு மசியில "மறுபடி எண்ணவும்"னு எழுதித் திருப்பிக் குடுத்துட்டார்.

— நீ எண்ணின.

— எண்ணினேன். அதே நம்பர். மறுபடி எண்ணினேன். ஏழு தடவை. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எனக்குக் கண்ணு சரியில்லையோ, நம்பர் எழுதினவங்க மாத்திட்டாங்களோ, நான் ராசியில்லாதவளோ...

— ராசியாம் ராசி. கண்ணு நல்லாத்தான் இருக்கு. என் உளியை எண்ணின கண்ணு. ஏய், டீயைச் சிந்தாத! என்ன அப்படிக் குனிஞ்சு பாக்கற?

— இந்தப் படியோட முன்பக்கம். வெட்டின இடம். இது என்ன ஓட்டை?

— ஐயோ, அதைக் கேக்காத. முக்கால்வாசிக் கல்லுல அந்தப் பீடை இருக்கு. விரல் கனத்துக்குக் குழாய் குழாயா. நல்ல வேளை, வாய் எல்லாம் கீழ்ப்பக்கம். உள்ள போகப் போகச் சிறுத்து மூடிக்குது. வாய் மட்டும் மேல இருந்திருந்தா அத்தனையிலயும் அழுக்கு அடைஞ்சிருக்கும், நாளைக்கு வர்ற பெரிய அதிகாரி அம்மா ஹீல்ஸ் மாட்டிக்கிட்டு உருண்டிருக்கும்.

— வாய் கீழ வர மாதிரி நீங்க திருப்பிப் போட்டீங்களா?

— நான் ஏன் திருப்பணும்? ஒவ்வொண்ணும் நாலு ஆள் தூக்கற கனம். வண்டியில இருந்து எப்படி இறங்குச்சோ அப்படியே போட்டேன்.

— நம்பர் எழுதின பக்கம்?

— வானத்தைப் பாத்து. பாலிஷ் போட்டுத்தான் பெயின்டை அழிச்சேன். பதிமூணுல இன்னும் ஓரத்துல கொஞ்சம் பெயின்ட் இருக்கு பாரு, நாளைக்குக் காலையில தேய்க்கணும்.

— அண்ணி.

— என்ன?

— நம்பரை மேல்பக்கம்தான எழுதுவாங்க? குவாரியில?

— கல்லு கிடக்கும்போது வேற எந்தப் பக்கம் எழுத முடியும்? அடியில புகுந்தா எழுதுவாங்க?

— குவாரியிலயும் ஓட்டை வாய் கீழ்ப்பக்கம்தான் இருந்திருக்கு.

— இருந்திருக்கும். அதுக்கு?

— இது புழு தோண்டின வளை அண்ணி. கடலடிச் சேத்துல புழு வளை தோண்டும். மேல இருந்து கீழ. எந்தப் புழுவும் பாதாளத்துல பொறந்து மேல தோண்டிக்கிட்டு வராது. அப்ப வாய் மேலதான் இருக்கணும். குவாரியில வாய் கீழ இருக்குன்னா...

— இருந்தா?

— இருங்க. நான் தப்பா இருக்கலாம். வரிசையா பாக்கறேன். ஒண்ணு, வாய் கீழ. ரெண்டு, வாய் கீழ. நாலு, கீழ. அஞ்சு. ஆறும் அப்படியே. ஏழு, கறுப்பு, ஒரு வளை கூட இல்ல. இருக்காது, மூச்சு இல்லாத இடத்துல புழு ஏது? எட்டு இல்ல. ஒன்பது இல்ல. பத்து... அண்ணி, பத்துல ஒண்ணு இருக்கு! நூல் கனம்! அதுவும் வாய் கீழ!

— மெதுவா ஏறும்மா, கால் வழுக்கும். எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— மலையே தலைகீழா கிடக்கு.

— அடி போடி. மலை என்ன சட்டையா, உள்பக்கம் வெளிய வர்றதுக்கு?

— அந்தத் தரைத்துணியைக் குடுங்க. இதோ, தரையில விரிச்சிருக்கேன். நீங்க அந்தப் பக்கம் இருந்து தள்ளுங்க. நான் இந்தப் பக்கம். தள்ளுங்க. பாருங்க, நடுவுல எழும்புது. இன்னும் தள்ளுங்க. ஒரு பக்கமா சாஞ்சு மடிஞ்சு விழுது பாருங்க. விழுந்த மடிப்புல எந்தப் பக்கம் வானத்தைப் பாக்குது?

— அடிப்பக்கம். அழுக்குப் பக்கம்.

— பூமி தள்ளி மலை எழும்பும்போது அப்படித்தான் மடியும். நம்ம குவாரி இருக்கறது அந்த மடிப்புல. மேல கிடக்கறதுதான் பழசு! ஒண்ணாம் நம்பர்தான் ரொம்பப் பழசு!

— இரு இரு. அப்ப நான் போட்டது...

— ஆனா ஓட்டை மட்டும் வெச்சு எப்படிச் சொல்றது? மழைத்தண்ணி அரிச்ச ஓட்டையா இருந்தா? வாத்தியார் முதல்ல அதைத்தான் கேப்பார். இன்னொரு சாட்சி வேணும் அண்ணி. ஒரு சாட்சியை நம்பி எழுதக்கூடாது.

— சாட்சிக்கு நான் எங்க போவேன்? இரு. இங்க வா. ரெண்டாவது படி ஓரத்துல. பாலிஷ் போடும்போதே பாத்தேன், சொல்லணும்னு நினைச்சு மறந்துட்டேன். வெட்டுப்பட்ட சிப்பி, உள்ள பாதி சாம்பல், பாதி வெள்ளை. நடுவுல ஒரு கோடு. என் ரசமட்டம் மாதிரியே இல்ல?

— எங்க? அட!

— கோடு அவ்வளவு மட்டமா இருக்கேன்னு ரசமட்டத்தை வெச்சே பாத்தேன். படி மட்டத்துக்கு அப்படியே ஒத்துப் போச்சு. ஆனா ரசமட்டத்துல குமிழி மேலதான நிக்கும்? இதுல வெள்ளை கீழ இருக்கு.

— அண்ணி, உங்களைக் கட்டிக்கலாம் போல இருக்கு.

— உங்கண்ணன் முந்திக்கிட்டார். என்ன விஷயம்?

— செத்த சிப்பிக்குள்ள சேறு போய் அடியில தங்கும். மேல்பாதி காலியா இருக்கும். அப்புறம் மெதுவா அந்தக் காலி இடத்துல வெள்ளைப் படிகம் வளரும். சாம்பல் சேறு எப்பவும் கீழ, வெள்ளை எப்பவும் மேல. உங்க குமிழி மாதிரி. கடல் வெச்ச ரசமட்டம். இதுல வெள்ளை கீழ இருக்கு. ரெண்டு சாட்சி ஆச்சு!

— அப்ப என் படி?

— சரி அண்ணி! உங்க படி சரி! கீழ பழைய கடல், ஏற ஏற புதுசு. முப்பத்தொண்ணு, முப்பது, நல்லா வாழ்ந்துட்டு இருக்கு. ஏழுல மூச்சு முட்டுது. எட்டு, ஒன்பது வெறிச்சோடிக் கிடக்கு. பத்துல கடுகு சைஸ்ல ஒருத்தன் தைரியமா வரான். அப்புறம் ரெண்டு, நாலு, ஒன்பது. எங்க இருந்தும் யாரும் குதிக்கலை. மிச்சம் இருந்தவங்க மெதுவா பெருகினாங்க!

— அப்ப உன் எண்ணிக்கையும் சரி.

— என் எண்ணிக்கையும்... ஆமால்ல. ஏழு தடவையும் சரி.

— ஆக, நீ தப்பா எழுதின. மலை தப்பா படுத்துது. ரெண்டு தப்பும் சேந்து என் படி சரியாப் போச்சு. உங்கண்ணன்கிட்ட சொன்னா நம்பவே மாட்டார். ஷ், கேட் சத்தம். வந்துட்டார். புதுச் சட்டை வேற. எழுந்திரு, முகத்தைத் துடை.

— எப்படி ஆரம்பிக்கறது?

— ஒண்ணுல இருந்துதான்.

— மேஸ்திரியம்மா, ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்! வாசல்ல இருந்தே பாத்தேன், கறுப்பு நடுவுல என்னமா நிக்குது! பித்தளைப் பலகையும் வந்துடுச்சு, நாளைக்குக் காலையில மாட்டிடலாம். என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? "வெறுமையான கடலில் ஒரே தாவலில் முப்பது உயிர்கள்." எப்படி?

— வாத்தியார் ஐயா, பலகையைக் கொஞ்சம் கீழ வைங்க. என் நாத்தனார் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

— சொல்லும்மா. கடிதம் சட்டைப் பையிலதான் இருக்கு. கையெழுத்துதான் பாக்கி.

— சார், நான் வரிசையா சொல்றேன். நடுவுல நிறுத்தினா எனக்கு மறுபடி தைரியம் வராது. முதல்ல, படிக்கட்டுல கல்லு நீங்க சொன்ன வரிசையில இல்ல. ஒண்ணாம் நம்பர் அடியில இருக்கு. அது என் தப்பு. இதோ நான் எழுதின சீட்டு. அண்ணி மேல ஒண்ணும் இல்ல.

— அடியிலயா? எல்லாமா? ஏம்மா, நாளைக்கு விழா!

— ரெண்டாவது. அது தப்பு இல்ல சார். மலைதான் தலைகீழா இருக்கு. இந்த ஓட்டையைப் பாருங்க. வாய் கீழ. அப்புறம் ரெண்டாவது படியில அந்தச் சிப்பி, வெள்ளை கீழ. ரெண்டு சாட்சி. எல்லாக் கல்லையும் நம்பர் பக்கம் மேலதான் போட்டிருக்காங்க, குவாரியில இருந்த மாதிரியே.

— எந்தச் சிப்பி?

— சார், அப்படியே தரையில படுக்காதீங்க. சட்டையில சிமென்ட் ஒட்டும்.

— ஒட்டட்டும்மா. மேஸ்திரி, டார்ச் இருக்கா?

— இந்தாங்க. பாத்து, அந்த ஓரம் கூர்மை. ஐயா, மூக்கு கல்லுல இடிக்கப் போகுது. ஏய் மறுபடி, உங்க வாத்தியார் ரெண்டாவது படியை விட்டு நகரவே மாட்டேங்கறாரே.

— சார்? நான் தப்பா இருக்கலாம் சார்.

— உன் நோட்டைக் குடு.

— இதோ. எட்டாம் பக்கம். சிவப்பு மசியில நீங்க எழுதினது இருக்கே, அதுக்கு மேல.

— முப்பத்தொண்ணு. முப்பது. சைபர், சைபர். கடுகு சைஸ் ஒண்ணு. எத்தனை தடவை எண்ணினே?

— ஏழு.

— ஏழு தடவையும் இதேவா?

— இதேதான் சார்.

— அந்தப் பேனாவைக் குடு. கடிதத்துல "கவனமா வேலை செய்வாங்க"ன்னு எழுதியிருந்தேன், அதை அடிக்கறேன். "எண்ணினதை மாத்த மாட்டாங்க"ன்னு எழுதறேன். இந்தா, கையெழுத்து. மேஸ்திரி, அந்தப் பித்தளைப் பலகையை எடுத்துட்டுப் போங்க. கலவை குழைக்க உதவும்.

— ஐயா, நல்ல பித்தளை! ஆமா, உங்க கண்ணு ஏன் கலங்குது? படம் தப்பாப் போச்சேன்னு வருத்தமா?

— வருத்தமா? சிரிக்கறேன் மேஸ்திரி. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே குவாரியில நானும் உக்காந்து எண்ணினேன். இதே முப்பத்தொண்ணு, இதே சைபர், இதே கடுகு. கண்ணு சரியில்லைன்னு நினைச்சு நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, கடுகையெல்லாம் விட்டுட்டுத்தான் அந்தப் படத்தை வரைஞ்சேன். என்ன பண்றது, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்ல எனக்கு ஒரு அண்ணி இல்லாம போயிட்டாங்க.